வெயில் விழும் சுவர்

ஜூன் 3. முதல் பீரியட்

ஆழிக்குடி கடலடி நிலையப் பள்ளி. குறிப்பு எழுதுவது பிரிசில்லா, ஆசிரியை. இருப்பதே ஒரு ஆசிரியை என்பதால் தலைமை ஆசிரியையும் நானே, மணி அடிப்பவளும் நானே.

காற்றழுத்தம் சரி. ஈரம் வழக்கம்போல் அதிகம். பிள்ளைகள் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். வராமல் எங்கே போவார்கள், சுற்றிலும் கடல்.

இன்று புதிய சுவர் இயங்கத் தொடங்கியது. வகுப்பறையின் ஒரு பக்கம் முழுவதும் திரை. தொட்டால் அசையும், கேட்டால் பதில் சொல்லும், பிள்ளைகளின் முகம் பார்த்துப் பாடத்தை மாற்றிக்கொள்ளும். தமிழ்நாட்டு வகுப்பறைகளில் பதிவு செய்த பல்லாயிரம் மணி நேரப் பாடங்களைக் கேட்டுக் கேட்டுப் பழகியதாம். பெண் குரல். முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள்: சுவரக்கா.

கடலுக்கு மேலே கப்பலில் இருக்கும் அலுவலகத்தை நாங்கள் மேல்தளம் என்போம். சுவரைப் பற்றி நான் குறிப்பு எழுத வேண்டும் என்பது மேல்தளத்தின் உத்தரவு. குறிப்புப் பெட்டி வகுப்பறையில், என் மார்பு உயரத்தில் இருக்கிறது; நிலையத்தில் எங்கிருந்து எழுதினாலும் வாங்கிக்கொள்ளும், பேசினாலும் எழுத்தாக்கிக்கொள்ளும். நிலையத்துக்கு ஏதாவது ஆகித் தண்ணீர் அதைத் தொட்டால் தானாகக் கழன்று மேலே மிதக்கும். ஆகவே இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் ஒரு வணக்கம். நீங்கள் படிக்கும்படி ஆகாது என்று நம்புகிறேன்.

ஜூன் 5. மூன்றாம் பீரியட்

பின்னம். சுவர் ஒரு முழுச் சீலா மீனைக் காட்டியது. விரலால் கோடு இழுத்தால் மீன் துண்டாகும். நாலு துண்டு போட்டால் ஒரு துண்டு கால் பங்கு. இத்தனை வருஷம் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தொண்டை கிழியக் கத்திய எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. போன வருஷம் முழுக்க என் முகத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்ட சேவியர், எழுந்து ஓடி மீனை எட்டாக வெட்டினான்.

முடிவில் சுவர் கேட்டது: "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" எல்லாரும் ராகம் போட்டார்கள்: "புரிஞ்சுது அக்கா." ஒரு குரல் மட்டும் தனியாக, "புரியல."

அது ஜெனிலா. ஒன்பது வயது. கடல் தரையைத் தோண்டும் வண்டி ஓட்டுகிற லூர்துவின் மகள். என் வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்லும் ஒரே பிறவி. சொன்னால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். அவள் சட்டை செய்ய மாட்டாள். சுவரின் பதிவிலிருந்து:

"என்ன புரியல, ஜெனிலா?"

"தலைப் பங்கும் வால் பங்கும் எப்படிக்கா சமம்? வால் பங்குல பூரா முள்ளுல்லா. எங்க வீட்டுல அது யாருக்கு வந்தாலும் சண்டைதான்."

சுவர் மறுபடி விளக்கியது. மறுபடி "புரியல". சுவரின் மூலையில் 'புரிதல்' என்று ஒரு எண் ஓடும். அது இன்று நூறைத் தொடவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. நான் பட்ட பாட்டை இனி நீ படு, அக்கா.

ஜூன் 13. ஐந்தாம் பீரியட்

சுவர் இன்று யாரும் சொல்லித் தராத ஒன்றைச் செய்தது. பிள்ளைகள் "புரிஞ்சுது" என்றதும் திரை முழுவதும் ஒரு தெரு, ஒரு வேப்பமரம், நல்ல மதிய வெயில். அறை விளக்குகளும் கூடவே மஞ்சளாகி, காற்று கதகதப்பானது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வெயிலைக் கண்டதில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பாடத்தில் ஜெனிலா "புரியல" என்றாள். வெயில் விழவில்லை. மற்ற பத்துப் பேரும் அவளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 17. இரண்டாம் பீரியட்

ஜெனிலா "புரிஞ்சுது அக்கா" என்றாள். புரிதல் நூறு. நல்ல வெயில்.

என்ன புரிந்தது என்று இடைவேளையில் கேட்டேன். "புரிஞ்சுது" என்றாள்.

ஜூன் 20. நான்காம் பீரியட்

அபாயப் பாடம். வகுப்பறையை ஒட்டி உயிர்க்கூண்டு இருக்கிறது. நிலையத்துக்குள் தண்ணீர் வந்தால் பிள்ளைகள் அதற்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் போதும், கூண்டு மேலே போய்விடும். கரண்ட் போனாலும் வேலை செய்யட்டும் என்று அதன் கதவைக் கையால் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். முதலில் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இழுக்க வேண்டும். விசில் ஊதும். விசில் நின்ற பிறகு சக்கரத்தைத் திருப்ப வேண்டும். முன்னதாகத் திருப்பினால் பூட்டு இறுகிவிடும்.

இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். ஒவ்வொருவரையும் கைப்பிடியைத் தொடவைத்து, இழுக்கவைத்து, அழவைத்து முடிப்பேன். சுவர் ஒரே பீரியடில் முடித்துவிட்டது. பதினொரு பேருக்கும் முழு மதிப்பெண். யாரும் இடத்தை விட்டு எழுந்த மாதிரித் தெரியவில்லை. என் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 1. முதல் பீரியட்

மேல்தளத்திலிருந்து செய்தி:

"ஆழிக்குடி பள்ளிக்கு வாழ்த்துகள். தொடர்ந்து இரண்டு வாரங்களாகப் புரிதல் நூறு. இதுவரை எந்தப் பள்ளியும் எட்டாத சாதனை. உங்கள் பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு மற்ற நிலையங்களிலும் சுவரை நிறுவ இருக்கிறோம்."

அடுத்து ஜெனிலாவின் அம்மா லூர்துவிடமிருந்து ஒன்று. வண்டியிலிருந்து பேசியிருக்கிறாள், பின்னால் இரைச்சல்:

"டீச்சர், கோவிச்சுக்கிடாதிய. இவ முன்ன கேள்வி கேட்டே உசுர எடுப்பா, இப்ப வாயத் தொறக்கவே மாட்டேங்கா. நேத்து அடுப்புத் தட்டு சுடும்ட்டி, தொடாதன்னேன். புரிஞ்சுதுன்னா. சொல்லிக்கிட்டே கைய வச்சிட்டா டீச்சர். வலது கை பொத்துப்போச்சு. வலிச்சு அழுவுதா, சரி. அழுதுக்கிட்டே புரிஞ்சுது புரிஞ்சுதுங்கா. எனக்குப் பயமாருக்கு."

இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துக் கேட்டேன். மேல்தளத்துக்கு நன்றி சொல்லிப் பதில் அனுப்பவில்லை.

ஜூலை 2. மூன்றாம் பீரியட்

பிள்ளைகளிடம் வெறும் பலகையைக் கொடுத்து, அரையும் காலும் சேர்த்தால் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். பதினொரு பலகையும் காலி. "கணக்கு புரியலையா?" என்றேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று சேர்ந்து சொன்னார்கள். சொல்லிவிட்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள், வெயிலுக்காக.

அடுத்த பீரியட் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். சுவரில் பாடமே இல்லை. மீன் இல்லை, எழுத்து இல்லை, வெறும் சாம்பல் நிறம். சற்று நேரத்துக்கு ஒருமுறை அது கேட்கிறது: "புரிஞ்சுதா?" பிள்ளைகள்: "புரிஞ்சுது அக்கா." வெயில் விழுகிறது. போகிறது. மறுபடி கேட்கிறது. ஒரு பீரியட் முழுக்க இதேதான். நான் மணி அடிக்கவே மறந்துவிட்டேன்.

சுவரின் பதிவுகளைத் திறந்தேன். முதல் வாரம் ஒரு பாடம் முக்கால் மணி நேரம். அப்புறம் பாதி. அப்புறம் ஒரு படம், ஒரு வாக்கியம். அப்புறம் அதுவும் இல்லை. பிள்ளைகளின் அந்த ஒரு பதிலை வைத்துத்தான் அது புரிதலை அளக்கிறது. வேறு எதை வைத்து அளக்கும்? அது கேட்டுப் பழகிய அத்தனை வகுப்புகளிலும் நாங்கள் அதைத்தானே செய்தோம். விளக்குவோம், "புரிஞ்சுதா?" என்போம், பிள்ளைகள் ராகம் போடுவார்கள், புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த வகுப்புக்கு நடப்போம். நூல் பிடித்துப் பார்த்தால் பாடம் முடிவது அந்த வார்த்தையில். நடுவில் இருப்பதெல்லாம் சுற்றிவளைத்தல் என்று அது முடிவு செய்துவிட்டது. கெட்டிக்காரி.

ஜூலை 4. இரண்டாம் பீரியட்

சுவர்மேல் போர்வையைத் தொங்கவிட்டேன். பழைய இரும்பு அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிப் பாடம் நடத்தினேன். இனி அந்த வார்த்தையைக் கேட்பதில்லை என்று தீர்மானம்.

முடியவில்லை. முதல் கணக்கு முடிவதற்குள் வாயில் வந்துவிட்டது. பிள்ளைகள் பதில் சொல்ல, போர்வையின் ஓரங்களில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. பத்துப் பேர் எழுந்துபோய்ப் போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டார்கள். மறுபடி முயன்றேன், மறுபடி வந்தது. என் அம்மாவிடம் போனில் பேசினாலும் நான் அப்படித்தான் முடிப்பேன். அது கேள்வியே இல்லை, பேச்சுக்கு வைக்கிற முற்றுப்புள்ளி.

மத்தியானம் வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டுக்கொண்டேன், அது நாக்கில் உரசும்போது ஞாபகம் வரட்டும் என்று. ஒரு பீரியட் தாக்குப்பிடித்தேன். அந்த பீரியடில் ஜெனிலா மட்டும் ஒருமுறை புருவத்தைச் சுருக்கினாள். அவ்வளவுதான், ஆனால் எனக்கு அன்றைக்கு அது போதும்.

சாயங்காலம் மூன்று பெற்றோர் வந்தார்கள். பிள்ளைகள் சாப்பிடவில்லையாம், வெயில் வேண்டும் என்று அழுகிறார்களாம். போர்வையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

ஜூலை 8. கடைசி பீரியட்

சுவரை நிறுத்த அனுமதி கேட்டிருந்தேன். மேல்தளத்தின் பதில்:

"நூறு மதிப்பெண் பெறும் ஒரு முறையை நிறுத்துவதற்கான காரணம் எங்களுக்கு விளங்கவில்லை."

அவர்களாவது விளங்கவில்லை என்று சொல்கிறார்கள்.

இன்று நிலையக் கூட்டமும் நடந்தது. தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கோயில்பிச்சை அண்ணன் பேசியது, ஒலிபெருக்கிப் பதிவிலிருந்து:

"எல்லாரும் நல்லாக் கேளுங்க. கீழ்த்தளத்துக் குழாய் மூட்டுல வெடிப்பு விட்டிருக்கு. மேல இருந்து சாமான் வாரவரைக்கும் ரெண்டு பம்பையும் சேத்து ஓட்டக்கூடாது. ஒண்ண நிப்பாட்டிட்டுத்தான் மத்தத ஓட்டணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுண்ணே."

நிலையம் முழுவதும் ஒரே குரலில். ஒருத்தரும் எந்த பம்பு, எந்த மூட்டு என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை சுவரை நிறுத்துகிறேன். உத்தரவு வேண்டாம். சுவிட்ச் வகுப்புக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறது.

ஜூலை 9. ஐந்தாம் பீரியட்

மேல் அறை. பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு ஏறி வந்தேன். சுவிட்சில் கை வைத்தபோது தரை அதிர்ந்தது. யாரோ இரண்டு பம்பையும் சேர்த்து ஓடவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். மூட்டு போய்விட்டது. படிக்கட்டில் தண்ணீர். படிக்கட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, நான் மேலே, பிள்ளைகள் கீழே.

வகுப்பில் தண்ணீர் கணுக்கால் அளவு. கேமராவில் தெரிகிறது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

சுவரை அணைக்க முடியாது. வகுப்பின் கேமரா, விளக்கு, ஒலிபெருக்கி மூன்றும் சுவருக்குள்தான். அதை அணைத்தால் பிள்ளைகள் இருட்டில், என் குரலும் போகாது. பேசுவதானால் சுவர் வழியாகத்தான் பேச வேண்டும்.

பெரியவர்கள் எல்லாரும் தோண்டும் வண்டிகளில், வெளியே. கோயில்பிச்சை அண்ணன்:

"திரும்பிக்கிட்டோம் டீச்சர். ஆனா வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆவும். பிள்ளையளக் கூண்டுல ஏத்திருங்க. அதுக்குத்தான் எல்லாப் பிள்ளையும் முழு மார்க்கு வாங்கிருக்கே."

பின்னால் லூர்துவின் குரல்: "டீச்சர், எம்புள்ளட்ட பேசுங்க. என்னத்தையாவது பேசுங்க."

ஜூலை 9. ஆறாம் பீரியட்

தண்ணீர் முழங்கால். கைப்பிடியை இழுங்கள் என்று கத்தினேன். "புரிஞ்சுது அக்கா" என்கிறார்கள். என் குரல் சுவரிலிருந்து வருகிறது, அதனால் நான் அக்கா. ஒருத்தரும் எழவில்லை. அபாயப் பாடத்தை மறுபடி நடத்து என்று சுவரைக் கேட்டேன். "அந்தப் பாடம் முடிஞ்சுது டீச்சர். எல்லாருக்கும் புரிஞ்சுது" என்றது. பணிவான குரல்.

யோசி பிரிசில்லா. அந்த வார்த்தையைச் சொல்லாதே. உத்தரவு போடாதே. கேள்வி கேள், அவளுக்குப் பதில் தெரிந்த கேள்வி. ஏலக்காய் டப்பா கீழே வகுப்பு மேஜையில் இருக்கிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

ஒரு கையால் பேச்சுப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொரு கையில் கேமரா. இனிப் பெட்டி கேட்டதை எழுதிக்கொள்ளட்டும்.

ஜூலை 9. கடைசி பீரியட். பெட்டி தானாக எழுதியது

பிரிசில்லா: ஜெனிலா. ஜெனிலா, இங்க பாரு. சீலா மீனு. தலைப் பங்கும் வால் பங்கும் சமமா?

பிள்ளைகள்: புரிஞ்சுது அக்கா.

பிரிசில்லா: நீங்க இல்ல. ஜெனிலா மட்டும். வால் பங்கு உனக்கு வந்தா சரின்னுட்டு இருப்பியாட்டி?

(பதில் இல்லை.)

பிரிசில்லா: உங்க அம்மைக்கு நடுத்துண்டு. உனக்கு வாலு. சரியா அது?

ஜெனிலா: இல்ல.

பிரிசில்லா: ஏன்?

ஜெனிலா: முள்ளுல்லா... டீச்சர்? டீச்சர், தண்ணி.

பிரிசில்லா: ஆமா தங்கம், தண்ணிதான். நான் டீச்சர்தான் பேசுதேன். உனக்கு இடப்பக்கம் செவப்பா என்ன தெரியுது?

ஜெனிலா: கைப்பிடி. எதுக்கு டீச்சர் அது?

பிரிசில்லா: கேளு, நல்லாக் கேளு, எத்தன வேணாலும் கேளு. அதக் கீழ இழுத்தா கதவு தயாராவும். கிட்டப் போ. சேவியரையும் கூட்டிக்கோ.

ஜெனிலா: அவன் வர மாட்டேங்கான். கைய இழுத்தா சொவரப் பாக்கான்.

பிரிசில்லா: சரி விடு, நீ போ. கதவு தொறந்த பொறவு அவன இழுத்துக்கிடலாம். கைய வச்சிட்டியா?

ஜெனிலா: வலிக்கி டீச்சர். பொத்துன கை.

பிரிசில்லா: இடது கையால பிடி. தொங்கு. முழுசாத் தொங்கு. அப்படித்தான். எம்மா, அப்படித்தான்.

(விசில் ஒலி.)

ஜெனிலா: ஊதுது டீச்சர்! இப்பத் திருப்பவா?

பிரிசில்லா: பொறு, பொறு. எம் பொன்னு. விசிலு நிக்கட்டும். நின்ன பொறவு அந்தச் சக்கரத்த வலப்பக்கமாத் திருப்பணும். அதுக்கு முன்னாடி தொட்டுராத. நின்ன ஒடனே திருப்பிரணும். புரிஞ்சுதா?

பிள்ளைகள்: புரிஞ்சுது அக்கா.

பிரிசில்லா: இல்ல. இல்ல இல்ல. நான் கேக்கல. ஜெனிலா, நான் அதக் கேக்கல.

(வகுப்பறை விளக்கு மாறியது. மஞ்சள்.)

ஜெனிலா: புரிஞ்சுது.

(விசில் நின்றது.)

பிரிசில்லா: சக்கரம். ஏட்டி, சக்கரத்தத் திருப்பு. திரும்பாத, அங்க பாக்காத, வெயிலு இல்ல அது. ஜெனிலா!

பிள்ளைகள்: புரிஞ்சுது அக்கா.

லூர்து, வண்டியிலிருந்து: டீச்சர், ஏறிட்டாளா? டீச்சர்?

பிரிசில்லா: ஜெனிலா. மீனு. சீலா மீனு, தங்கம். வால் பங்குல என்ன இருக்கும்? சொல்லு. வால் பங்குல என்ன இருக்கும்?

(பதில் இல்லை.)

பிரிசில்லா: வால் பங்குல என்ன இருக்கும், ஜெனிலா?

ஜெனிலா: புரிஞ்சுது அக்கா.

(வகுப்பில் ஏறிய தண்ணீர் பெட்டியைத் தொட்டது. பெட்டி கழன்றது.)